லஸ்கரை நெல் அளக்கச் சொல்லாதீர்கள்

நீடாமங்கலத்துக்காரர்களுக்கு மூணாறு தலைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணாறு அங்கே வந்து கோரையாறு, பாமணியாறு, மிச்ச வெண்ணாறு என்று மூன்றாகப் பிரிகிறது. சின்ன வயதில், மதகுகளைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கர் ஷட்டர் ஏற்றுவதை மணிக்கணக்கில் வேடிக்கை பார்த்தவன் நான். இப்போது அதே ஊரில் மாடியில் உட்கார்ந்து, நெல் வாங்கும் ஒரு தனியார் நிறுவனத்துக்கு என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் பார்த்துக்கொள்கிறேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர்கள்தான். இந்த பஸ் ஓடுகிற பஸ் இல்லை; நிறுவனத்தின் வெவ்வேறு மென்பொருள்களுக்கு நடுவே நின்று, ஒன்று அனுப்பும் செய்தியை வாங்கி உரிய இன்னொன்றுக்குக் கொண்டுசேர்க்கும் மென்பொருள்.

பஸ் காலம் முடிந்துவிட்டது, சர்வீஸ்கள், அதாவது ஆளுக்கொரு வேலை செய்யும் மென்பொருள்கள், நேரடியாகப் பேசிக்கொள்ளட்டும் என்று நண்பர்கள் வட்டத்தில் ஒரே சத்தம். 2014 வாக்கில், பெரிய மென்பொருளைச் சின்னச் சின்ன சர்வீஸ்களாகப் பிரிக்கும் மைக்ரோசர்வீஸ் பேச்சு கிளம்பியதிலிருந்து கேட்கிற சத்தம்தான். எனக்குப் பாதிதான் உடன்பாடு.

எங்களிடம் எடைமேடை, ஈரப்பத மீட்டர், இருப்பு, கணக்கு, வங்கி, எஸ்.எம்.எஸ். என்று எட்டு சிஸ்டம். ஒவ்வொன்றும் மற்றதோடு நேராகப் பேசினால் 28 இணைப்பு. மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் முறைகளில் சிலது பழைய சோப் (SOAP), சிலது ரெஸ்ட் (REST), ஒன்று இன்னும் ஃபைலைக் கொண்டுவந்து போடுகிறது. வங்கி தன் முகவரியை மாற்றிய அன்று பஸ்ஸில் ஒரே ஒரு இடத்தில் மாற்றினேன், எடைமேடைக்காரருக்கு விஷயமே தெரியாது. இதை வேண்டாம் என்பவர்கள் 28 இணைப்பையும் ஒரு ராத்திரியாவது கட்டி மேய்த்துப் பார்க்கட்டும்.

ஆனால் பஸ்ஸைக் கெடுத்ததும் எங்களைப் போன்றவர்கள்தான். ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் எடையில் கழிவு என்று நிறுவனத்தில் ஒரு விதி. எனக்கு முன்னால் இருந்த யாரோ அவசரத்துக்கு அதை பஸ்ஸில், எக்ஸ்எம்எல் வடிவில் வரும் செய்தியை உருமாற்றும் எக்ஸ்எஸ்எல்டி ஃபைலுக்குள் எழுதி வைத்துவிட்டார். பிற்பாடு பணம் கணக்கிடும் சர்வீஸை எழுதியவர்கள், நியாயமாக, அதே விதியைத் தங்கள் பக்கமும் எழுதினார்கள். ஈர நெல் கொண்டுவந்தவருக்கு இரண்டு தடவை கழிவு. மூன்று நாள் தேடினோம். அந்த சர்வீஸின் நிரல் சரியாகவே இருந்தது, தப்பு நடுவழியில் இருந்தது. தண்ணீரைப் பிரித்துவிடுகிற லஸ்கர், போகிற போக்கில் உங்கள் நெல்லையும் அளந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்?

அடுத்தது நான் செய்த தப்பு. வங்கி சர்வீஸ் 30 வினாடிக்குள் பதில் சொல்லாவிட்டால் மூன்று முறை திரும்ப முயற்சி செய் என்று பஸ்ஸில் அமைத்தவன் நானே. சம்பா அறுவடை நேரம், அந்தப் பக்கம் கூட்டம், பதில் வர 40 வினாடி ஆனது. மறுநாள் காலை காசாளர் போன் செய்தார். "தம்பி, ஒரே லோடுக்கு ஒரு ஆளுக்கு நாலு தடவை பணம் போயிருக்கு. நான் எப்படிப் போய் திருப்பிக் கேக்குறது?"

பதில் வரவில்லை என்றால் வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை. டெல்டாவில் இதை ஒருவர் சொல்லித்தர வேண்டுமா? கடைமடையிலிருந்து தண்ணீர் வரவில்லை என்று போன் வந்ததும் இன்னும் இரண்டு ஷட்டரைத் தூக்கினால், ஏற்கெனவே வழியில் இருக்கிற தண்ணீரும் சேர்ந்து வந்து கரையை உடைக்கும். இருப்பு எவ்வளவு என்று கேட்பதை நூறு தடவை கேட்கலாம். பணம் போடு என்பதை, லோடு எண் மாதிரி மாறாத ஓர் அடையாளம் கூடவே போய், அதே எண் மறுபடி வந்தால் எதிர்ப்பக்கம் கண்டுகொண்டு ஒதுக்கும் என்ற உறுதி இல்லாமல் இரண்டாம் தடவை அனுப்பவே கூடாது. இப்போது லோடு எண் போகிறது. வங்கிப் பக்கம் அதைச் சரிபார்க்க ஒப்புக்கொள்ளும் வரை மறுமுயற்சியை நிறுத்தி, பதில் வராதவற்றை மனிதர் பார்க்கும் ஒரு வரிசையில் போட்டு வைத்திருந்தோம்.

இன்னொன்று, சின்ன விஷயம். எந்த ஆலைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துகொள்ள பஸ் முழுச் செய்தியையும் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தது. உள்ளே நெல் மாதிரியின் போட்டோ வேறு, அத்தனையும் மெமரியில். ஆலைக் குறியீட்டை, கடித உறை மாதிரி செய்திக்கு மேலே இருக்கும் ஹெடரில் போடச் சொன்னேன். இப்போது உறையைப் பார்த்து அனுப்பிவிடுகிறது, சர்வர் மூச்சு விடுகிறது.

ஆக, வழி பிரிப்பது, முகவரியை மறைத்து வைப்பது, சோப்பில் வந்ததை ரெஸ்ட்டாக மாற்றிக் கொடுப்பது, எது எப்போது போனது என்று குறித்து வைப்பது. என் பஸ்ஸுக்கு இவ்வளவுதான் வேலை. விலை, கழிவு, தள்ளுபடி எல்லாம் அந்தந்த சர்வீஸின் வீட்டுக் கணக்கு. ஒரே சர்வரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சர்வீஸும் பஸ் வழியாகத்தான் பேச வேண்டும் என்று சட்டம் போடுகிற மேலாளர்களும் உண்டு. அது எதிர்வீட்டுக்குப் போக கல்லணை வரை போய்த் திரும்புகிற கதை.

குறுவை நெல் வர ஆரம்பித்ததும் கழிவு விதியில் ஒரு மாற்றம் கேட்டார்கள். பஸ்ஸில் செய்தால் பத்து நிமிஷம். பணக் கணக்கு சர்வீஸில் செய்தால் சோதனையெல்லாம் சேர்த்து இரண்டு நாள். இரண்டு நாள் ஆகும் என்று சொல்லிவிட்டேன். மேலாளர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. காசாளர் மட்டும், "மெதுவாவே பண்ணுங்க தம்பி" என்றார்.