ஏஜென்ட்டைத் திட்டுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைப் படியுங்கள்

இரண்டு நாளாக அந்த ஸ்கிரீன்ஷாட்தான் எங்கே பார்த்தாலும். "கோயம்பேட்டுக்குப் பதிலா பெருங்களத்தூர்ல ஏறிக்கிறோம்" என்று பயணி கேட்கிறார். "மாற்றிவிட்டேன்" என்கிறது எங்கள் பஸ் புக்கிங்கைப் பார்த்துக்கொள்ளும் ஏஜென்ட், அதாவது சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஏஐ. ராத்திரி பஸ் வந்து நிற்கும்போது சார்ட்டில் நாலு பேர் பெயரும் இல்லை. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள், "இதுக்குத்தான் ஏஐயா" என்று கமெண்ட்டுகள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. புக்கிங்கை மாற்ற அந்த ஏஜென்ட் பயன்படுத்தும் டூலின் டிஸ்கிரிப்ஷனை, அதாவது அந்த டூல் என்ன செய்யும் என்று ஏஜென்ட்டுக்குச் சொல்லும் வரியை, நான் பார்த்திருக்கிறேன். "அப்டேட் புக்கிங்: புக்கிங்கை அப்டேட் செய்யும்." முழுவதும் அவ்வளவுதான்.

அந்த டூலுக்குப் பின்னால் இருக்கும் ஏபிஐ (எங்கள் சர்வரோடு பேசும் வழி) பழைய பதிவை அப்படியே தூக்கிப்போட்டுவிட்டு, நாம் அனுப்புவதைப் புதிதாக எழுதிக்கொள்ளும். கோடு எழுதுகிறவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும்: அது புட் (முழுவதையும் மாற்றி எழுதுவது), பேட்ச் (சொன்னதை மட்டும் திருத்துவது) இல்லை. ஏறும் இடத்தை மட்டும் அனுப்பினால் பயணிகளின் பெயர், வயது, சீட் எல்லாம் காலியாகிவிடும். இது அதை எழுதிய இரண்டு பேருக்குத் தெரியும். ஏஜென்ட்டுக்கு யார் சொன்னார்கள்? ஏறும் இடத்தை மட்டும் மாற்ற "போர்டிங்" என்று தனியாக ஒரு டூலும் பக்கத்திலேயே இருந்தது. அதன் டிஸ்கிரிப்ஷன் "போர்டிங் விவரம்". அது விவரத்தைக் காட்டுமா, மாற்றுமா? இதைப் படிக்கும் நீங்களே சொல்லுங்கள்.

ஏஜென்ட்டுக்குள் இருந்து யோசிக்கும் மாடலுக்கு உங்கள் கோடு தெரியாது. டூலின் பெயர், டிஸ்கிரிப்ஷன், என்னென்ன பாராமீட்டர் (அனுப்ப வேண்டிய விவரம்) என்ற பட்டியல், இவ்வளவுதான் அதன் கண்ணில் படும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ கம்பெனி, மென்பொருளை ஏஜென்ட்டோடு இணைக்கும் பொது முறையான எம்சிபியை வெளியிட்ட பிறகு, யார் வேண்டுமானாலும் தங்கள் மென்பொருளை ஏஜென்ட்டிடம் இணைத்துவிடலாம் என்றாகிவிட்டது. நல்லதுதான். ஆனால் அதிலும் மாடலுக்குப் போய்ச் சேருவது நாம் எழுதுகிற அந்த வார்த்தைகள்தான். திரும்பவும் சொல்கிறேன், அந்த வார்த்தைகள்தான்.

காலேஜ் லீவில் கோவில்பட்டியில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்தேன். ஓர் ஆச்சிக்கு இரண்டு மாத்திரை, இரண்டு கவர். இரண்டிலும் 1-0-1 என்று மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஒன்று சாப்பாட்டுக்கு முன், இன்னொன்று சாப்பிட்ட பின். எனக்குத் தெரியும், மனதில் இருந்தது, கவரில் இல்லை. அவர் இரண்டையும் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். அண்ணாச்சி அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார். "உன் மனசுல இருக்கிறது ஆச்சிக்கு எப்படித் தம்பி தெரியும்? கவர்ல இருக்கிறதுதானே தெரியும்?" அன்றைக்கு அவருக்கு ஆச்சியைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றவில்லை.

சரி, என்ன சொல்வீர்கள் என்று தெரியும். "மாடல் இன்னும் வளரும், தானே புரிந்துகொள்ளும்." எவ்வளவு வளர்ந்தால் என்ன? அனுப்பாத விவரத்தை அழிக்க வேண்டும் என்பது நீங்கள் உங்கள் சர்வருக்காக எடுத்த முடிவு. 05/06 என்றால் மே 6ஆ, ஜூன் 5ஆ என்பதும் நீங்கள் எடுத்த முடிவு. ரீஃபண்ட் டூலில் "தொகை" என்று மட்டும் போட்டிருக்கிறது. அது பைசாக் கணக்கு என்றால் 500 ரூபாய்க்கு 50000 என்று அனுப்ப வேண்டும். இதையெல்லாம் யாராவது எழுதி வைத்தால்தானே தெரியும்.

"நீளமா எழுதினா டோக்கன் செலவு." ஆமாம், மாடல் படிக்கிற ஒவ்வொரு துண்டு வார்த்தைக்கும் காசு, செலவுதான். நடுராத்திரி நாலு பேருக்கு வேறு பஸ் பிடித்துக் கொடுத்த செலவையும் சேர்த்துப் பாருங்கள்.

"டிஸ்கிரிப்ஷன் எதற்கு, ஏபிஐயைத் திருத்துங்கள்" என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. அழிக்காத மாதிரி டூலையே மாற்றினால் ரொம்ப நல்லது. ஆந்த்ரோபிக் ஆட்களே 2024 டிசம்பரில் எழுதினார்கள். கோடு திருத்தும் ஏஜென்ட் ஒன்றைச் செய்தபோது, மாடலுக்குக் கொடுக்கும் கட்டளையான ப்ராம்ப்டைவிட டூல்களைச் சீர்படுத்தத்தான் அதிக நேரம் ஆனதாம். ஏஜென்ட் வேறு ஃபோல்டருக்குள் போன பிறகு ஃபைலின் பாதையைத் தப்பாகக் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எப்போதும் முழுப் பாதையைத்தான் தர வேண்டும் என்று டூலை மாற்றியதும் அந்தத் தப்பு நின்றுவிட்டது. மாடலை மாற்றவில்லை, டூலைத்தான் மாற்றினார்கள். ஆனால் முழுப் பாதை வேண்டும் என்பதையும் ஒருவர் உட்கார்ந்து எழுதத்தானே வேண்டும்?

அந்த ஒருவரைப் பற்றித்தான் எனக்கு ஆற்றாமை. சம்பவத்துக்கு இரண்டு வாரம் முன்னால் நான் டீமில் கேட்டேன். "பதினோரு டூலையும் கொடுங்க, இரண்டே நாள்ல எழுதித் தர்றேன்." "டாக்குமென்ட்டேஷன் அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தது. மென்பொருளுக்கு விளக்கம் எழுதும் டெக்னிக்கல் ரைட்டராக ஒன்பது வருஷமாக இந்த "அப்புறம்" கேட்டுக்கொண்டிருக்கிறேன். டெக்னிக்கல் ரைட்டர் என்றால் கடைசி நாளில் இங்கிலீஷ் திருத்துகிறவர் என்றே நினைக்கிறார்கள். ரிலீஸ் கேக் வெட்டும்போது எங்களை யாரும் கூப்பிடுவதில்லை. முன்பு நான் எழுதியதை மனுஷர்கள் படித்தார்கள். புரியாவிட்டால் போன் போட்டுக் கேட்டார்கள். இப்போது படிக்கும் ஏஜென்ட் கேட்காமலே செய்து முடித்துவிடுகிறது. இப்போதுதான் என் வேலை அதிகம் தேவை, இப்போதுதான் "அதையும் ஏஐயே எழுதிடுமே" என்கிறார்கள். எழுதட்டும். அனுப்பாதது அழிந்துவிடும் என்று அதற்கு யாராவது சொல்லியிருக்க வேண்டுமே.

யாரும் கேட்காமலே இன்று காலை எழுதி அனுப்பியிருக்கிறேன்:

"புக்கிங் முழுவதையும் மாற்றி எழுதும். அனுப்பாத விவரங்கள் அழிந்துவிடும், திரும்பக் கிடைக்காது. முதலில் கெட் புக்கிங் டூல் மூலம் பழைய விவரங்களை எடுத்து, தேவையானதை மட்டும் திருத்தி, எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பவும். ஏறும் இடம் மட்டும் மாறினால் இதைப் பயன்படுத்த வேண்டாம். போர்டிங் டூலைப் பயன்படுத்தவும்."

எழுதப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. சாயங்காலம் வரை யாரும் திறந்து பார்க்கவில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் டீம் குரூப்பில் இன்னும் இரண்டு பேர் போட்டிருக்கிறார்கள்.