சொல்லுக்குக் கோபப்படுகிறோம், செலவுக்கு வாய் திறப்பதில்லை

போன வாரம் மகன் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஓர் அப்பா கொதித்துப்போய் எழுதியிருந்தார். அவருடைய 13 வயதுப் பையன் குப்பைத்தொட்டியை 'ட்ராஷ் கேன்' என்று சொல்லிவிட்டானாம். அது அமெரிக்கச் சொல்; இங்கிலாந்தில் அது 'பின்'. உள்ளே கிடப்பது 'ரப்பிஷ்'. அவ்வளவுதான், குழு தீப்பற்றிக்கொண்டது. என் மகள் ஸ்வீட்ஸை 'கேண்டி' என்கிறாள், என் மகன் பேவ்மென்ட்டை 'சைடுவாக்' என்கிறான், மேத்ஸை 'மேத்' என்கிறான், கடைசி எழுத்தை 'ஸெட்' என்று சொல்லாமல் 'ஸீ' என்கிறான் என்று இரவு பதினோரு மணி வரை புகார்கள். எல்லோரும் யூடியூபைத்தான் திட்டினார்கள்.

அந்த எரிச்சல் எனக்குப் புரியாமல் இல்லை. பர்மிங்ஹாமுக்கு வந்து 17 ஆண்டுகள் ஆகின்றன. என் மகள் நர்சரியில் சேர்ந்த மூன்றாவது மாதம், அதுவரை "தண்ணி குடும்மா" என்று கேட்டவள், "வாட்டர் ப்ளீஸ்" என்றாள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிள்ளை நம் வீட்டுச் சொல்லைக் கீழே வைத்துவிட்டு வேறு வீட்டுச் சொல்லை எடுக்கும்போது வயிற்றைப் பிசையும். ஆங்கிலேய அம்மாவுக்கும் அதே வயிறுதான்.

ஆனால் இந்தச் சொற்களின் கதை அவர்கள் நினைப்பது போல இல்லை. 'ட்ராஷ்' ஷேக்ஸ்பியர் எழுதிய வரிகளிலேயே இருக்கிறது. இலையுதிர் காலத்தை 'ஃபால்' என்று சொல்லும் வழக்கம் இங்கிலாந்தில் இருந்ததுதான். கப்பலேறி அமெரிக்கா போனவர்கள் அதைக் காப்பாற்றி வைத்துக்கொண்டார்கள், இங்கே இருந்தவர்கள் விட்டுவிட்டார்கள். கால்பந்துக்கு அமெரிக்கர்கள் சொல்லும், இவர்களுக்கு மிகவும் ஆத்திரமூட்டும் 'சாக்கர்' கூட 'அசோசியேஷன்' என்ற சொல்லிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலேய மாணவர்கள் சுருக்கிய செல்லப்பெயர். கவிஞர் கோல்ரிட்ஜ் 1832-இல் 'டேலண்டட்' என்ற சொல்லை நாகரிகமற்றது என்று சாடி, இப்படிப்பட்டவை பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன என்று வருந்தினார். இன்று இதே வாட்ஸ்அப் குழுவில், பள்ளி இசைநிகழ்ச்சி முடிந்தால் போதும், எல்லாப் பிள்ளைகளும் டேலண்டட்.

எங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். லண்டன் பக்கத்துப் பெற்றோர்கள், பிள்ளைகள் 'மம்' என்பதை விட்டு அமெரிக்கர்களைப் போல 'மாம்' என்று எழுதுவதாக அலுத்துக்கொள்கிறார்கள். பர்மிங்ஹாமிலும் சுற்றியுள்ள மேற்கு மிட்லண்ட்ஸ் ஊர்களிலும் காலங்காலமாக 'மாம்' என்றுதான் எழுதுகிறார்கள். எங்கள் பக்கத்து வீட்டம்மாவுக்கு 74 வயது, இங்கேயே பிறந்து வளர்ந்தவர். மார்ச் மாதம் அன்னையர் ஞாயிறு வரும்போதெல்லாம், "கடையில் எல்லா அட்டையிலும் 'மம்' என்றே அச்சடிக்கிறார்கள், எங்கள் சொல் எங்கே?" என்று அவர் கேட்பார். அவருக்கு அது அமெரிக்கச் சொல் இல்லை, அவருடைய அம்மாவின் பெயர்.

சொல் ஒரு திசையில் மட்டும் போவதும் இல்லை. இங்கே தயாராகும் பெப்பா பிக் கார்ட்டூனைப் பார்த்துவிட்டுத் தங்கள் குழந்தைகள் 'மம்மி' என்றும் 'பெட்ரோல்' என்றும் பேசுவதாக அமெரிக்கப் பெற்றோர்கள் சொன்னது பத்திரிகைகளில் வந்தது.

எழுத்துக்கூட்டல் மட்டும் வேறு விஷயம். 'கலர்' என்ற சொல்லில் 'யு' இல்லாமல் எழுதும் முறையை அமெரிக்காவில் நிலைநாட்டியது நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதி. மகன் வீட்டுப்பாடத்தில் அப்படி எழுதினால் நானும் திருத்தச் சொல்வேன். அவன் எழுதப்போவது இந்த நாட்டுத் தேர்வு.

சரி, பழக்கங்களுக்கு வருவோம். ஹாலோவீன் இரவில் வீடு வீடாகப் போய் மிட்டாய் கேட்பதும் அமெரிக்க இறக்குமதி என்று குறைசொல்கிறார்கள். ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு, குடைந்த டர்னிப் கிழங்குக்குள் விளக்கேற்றிப் போன வழக்கம் அது. கடல் கடந்து போய்ப் பூசணிக்காயோடு திரும்பி வந்திருக்கிறது. பக்கத்து வீட்டம்மாவின் வருத்தம் வேறு: நவம்பர் 5-க்கு முன்னால் பழந்துணியில், அந்தக் காலத்தில் நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்த கை ஃபாக்ஸ் என்பவரின் பொம்மையைச் செய்து, அதைத் தெருவில் வைத்துக்கொண்டு "பென்னி ஃபார் த கை" என்று காசு கேட்கும் பிள்ளைகளை இப்போது பார்க்கவே முடிவதில்லை. அந்த வருத்தத்துக்கு என்னிடம் பதில் இல்லை. நல்ல வழக்கம் ஒன்று போய்விட்டது.

எனக்கு உண்மையான கோபம், பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு நடத்தும் 'ப்ராம்' என்ற ஆடம்பர நடன விருந்தின் மேல்தான். அதைப் பற்றி இந்தக் குழுக்களில் யாரும் இவ்வளவு சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை.

இங்கே 16 வயதில் ஜிசிஎஸ்இ என்ற பொதுத்தேர்வு. ஜூனில் கடைசித் தாள் முடியும், முடிவு வருவது ஆகஸ்டில். முன்பெல்லாம் கடைசி நாளில் ஒருவர் சட்டையில் ஒருவர் கையெழுத்துப் போட்டுக்கொள்வார்கள், பள்ளி அரங்கில் ஒரு டிஸ்கோ நடக்கும், கூட சிப்ஸும் ஜூஸும் இருக்கும். இப்போது அமெரிக்கப் படங்களிலும் தொடர்களிலும் பார்த்த ப்ராம் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஹோட்டல் அரங்கம், நீண்ட கவுன், பையன்களுக்கு வாடகை சூட், தலை அலங்காரம், நகப்பூச்சு, தோலுக்கு மாநிறச் சாயம், வாசலில் வந்து நிற்கும் லிமோசின்.

போன கோடையில் என் மகளுக்கு ப்ராம். டிக்கெட் 42 பவுண்ட், உடை 135 பவுண்ட், செருப்பு 38, தலைக்கும் முகத்துக்கும் 70. லிமோசின் வேண்டாம் என்று நானும் அவளும் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம், அவள் அப்பா காரில் கொண்டுபோய் விட்டார். அவள் மாடியிலிருந்து அந்தப் பச்சை உடையில் இறங்கி வந்ததைப் பார்த்து எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்த மகிழ்ச்சியை நான் குறைசொல்லவில்லை. பதினோரு ஆண்டுகள் படித்து முடித்த பிள்ளை ஒரு நாள் ஆடிப் பாடுவதில் என்ன தவறு?

ஆனால் அவளுடைய நெருங்கிய தோழி வரவில்லை. "எனக்குப் பார்ட்டி பிடிக்காது" என்று சொன்னாளாம். அந்தப் பெண்ணின் அம்மா முதியோர் இல்லத்தில் இரவுப்பணி பார்க்கிறார், வீட்டில் இன்னும் இரண்டு சின்னப் பிள்ளைகள். சில வாரங்களுக்குப் பிறகுதான் மகளிடம் உண்மையைச் சொல்லியிருக்கிறாள்: அம்மாவிடம் கேட்கவே மனம் வரவில்லை. பார்ட்டி பிடிக்காது என்பது பணமில்லாத பிள்ளைகள் கண்டுபிடித்த மரியாதையான சொல்.

அப்புறம் வருகைப்பதிவு. அந்தப் பள்ளியில் வருகை குறைந்தவர்களுக்கு ப்ராம் கிடையாது. பல பள்ளிகளில் இப்படி ஒரு விதி இருக்கிறது. ஒழுங்காக வரவைக்க இது ஒரு தூண்டுகோல் என்கிறார்கள். வருகை யாருக்குக் குறைகிறது? நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு, தானே நோயாளியான பிள்ளைக்கு, மனம் உடைந்து காலையில் படுக்கையை விட்டு எழ முடியாத பிள்ளைக்கு. ஆண்டு முழுக்கப் பட்ட பாட்டுக்கு மேல், கடைசி நாளில் வாசலிலும் நிறுத்திவைப்பதா?

'கேண்டி' என்று சொல்ல ஒரு பென்னி கூடச் செலவில்லை. நண்பர்களிடம் 'மேத்' என்று சொல்லும் பிள்ளை, ஆசிரியரிடம் 'மேத்ஸ்' என்றுதான் சொல்கிறது. எந்த இடத்தில் எது என்று அதற்குத் தெரியும். என் மகளும் இன்று பாட்டியிடம் வீடியோவில் பேசும்போது "தண்ணி" என்றுதான் சொல்கிறாள். அந்த நர்சரி நாளில் நான் பயந்தது நடக்கவில்லை.

அதனால் குழுவில் நானும் எழுதினேன். ட்ராஷ் பற்றி இரவு பதினோரு மணி வரை பேசிய நாம், ப்ராமைப் பள்ளி அரங்கிலேயே நடத்தச் சொல்லி, டிக்கெட்டைப் பத்துப் பவுண்டுக்குள் வைக்கச் சொல்லி, வருகை விதியை எடுக்கச் சொல்லி ஒரு கடிதம் எழுதலாமே என்று கேட்டேன். இதுவரை நான்கு பேர் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலில் சொன்னவர் அந்த ட்ராஷ் கேன் அப்பாதான்.

மகளின் பச்சை உடை ஒரே ஒரு முறை உடுத்தியது, சலவை செய்து வைத்திருக்கிறேன். இங்கிலாந்து அளவு 10, கணுக்கால் வரை வரும், கொஞ்சம் பிரித்துத் தைக்க உள்ளே துணியும் இருக்கிறது. மிட்லண்ட்ஸ் பக்கம் யாருக்காவது இந்த ஆண்டு தேவைப்பட்டால் உள்பெட்டியில் சொல்லுங்கள். பணம் வேண்டாம், யாருக்கு என்றும் கேட்கமாட்டேன்.