கழுத்தை அறுத்த பிறகு சொல்லும் காரணம்

போன மாதம் எங்கள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தில் ஒரு கொலை விழுந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகப் பேசியும் டைஸ் உருட்டியும் கதையை நடத்துகிற விளையாட்டு அது. கொலை புதிதில்லை, வாராவாரம் விழுவதுதான். ஆனால் இந்தக் கொலைக்குப் பிறகு ஒன்றரை மணி நேரம் யாரும் டைஸைத் தொடவில்லை. டீ ஆறி, ஆடை கட்டிவிட்டது.

நடந்தது இதுதான். கொள்ளைக்காரன் ஒருவனை உயிரோடு பிடித்துக் கட்டிப்போட்டிருந்தார்கள். கூட்டாளிகளின் முகாம் எங்கே என்று சொன்னால் விடிந்ததும் அவிழ்த்துவிடுகிறேன் என்று பாலடின், அதாவது சபதம் ஏற்ற தரும வீரன், வாக்குக் கொடுத்தார். அவனும் சொல்லிவிட்டான். இரவுக் காவல் திருட்டுக் கலையில் தேர்ந்த ரோக்கின் முறை. ரோக்கை ஆடும் நண்பன் என் பக்கம் திரும்பி, "அவன் கழுத்தை அறுக்கிறேன்" என்றான். கட்டிக் கிடப்பவன்தானே, டைஸ்கூட உருட்டச் சொல்லவில்லை. காலையில் மற்றவர்கள் எழுந்து கேட்டபோது, "தப்பி ஓடப் பார்த்தான், வேறு வழியில்லை" என்று ரோக் சொல்லிவிட்டான்.

ஆட்டத்தை நடத்தித் தீர்ப்புச் சொல்லும் டிஎம் நான்தான். அவன் பாத்திரத்தின் விவரம் எழுதிய கேரக்டர் ஷீட்டின் மேல் மூலையில் பென்சிலால் 'கேயாட்டிக் குட்' என்று எழுதியிருந்தது. கட்டுக்கு அடங்காதவன், ஆனால் நல்லவன் என்று பொருள். பாத்திரத்தின் இந்தக் குணவகைக்குத்தான் அலைன்மென்ட் என்று பெயர். அந்த 'குட்'டை மட்டும் அழித்துவிடு என்று ரப்பரை அவன் பக்கம் தள்ளினேன். பிடித்துக்கொண்டது சண்டை.

"டேய், அவனை விட்டிருந்தால் கூட்டத்தோடு திரும்பி வந்து ஊரையே கொளுத்தியிருப்பான். என் ஆள் ஊரைக் காப்பாற்றத்தான் செய்தான். நோக்கம் நல்லதுதானே?"

மறைந்து நின்று வாலி மேல் அம்பு விட்டது சரியா என்று இன்னும் பட்டிமன்றம் நடத்துகிற ஊர் நம்முடையது. ஒன்றரை மணி நேரமெல்லாம் குறைச்சல்தான்.

செயலைப் பார்ப்பதா நோக்கத்தைப் பார்ப்பதா என்பதில் இந்த விளையாட்டை உண்டாக்கியவர்களே ஒரு பக்கமாக நிற்கவில்லை. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் கொண்டுவந்த முதல் பதிப்பில் அலைன்மென்ட் என்றால் ஒழுங்கு, நடுநிலை, குழப்பம் என்று மூன்றே கட்சிகள். அவற்றோடு நன்மை, தீமையையும் சேர்த்து இன்று மீம்களில் சுற்றுகிற ஒன்பது கட்டங்கள் 1978இல் வந்த அட்வான்ஸ்டு பதிப்பின் கையேட்டில் இருப்பவை. மறு ஆண்டு வெளியான டிஎம் கையேட்டில் கைகாக்ஸ் செயலின் பக்கம் சாய்கிறார். ஆட்டக்காரர் தன்னை என்னவாகச் சொல்லிக்கொள்கிறார் என்பதைவிட அவர் ஆள் என்ன செய்கிறான் என்று பார்த்துக் குறித்துக்கொண்டே வரச் சொல்கிறார். கட்சி மாறிவிட்டால் ஒரு லெவல் காலி. ஒரு லெவல் ஏற எங்களுக்கு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை ஆகும், வலி எனக்குத் தெரியும். ஆனால் அதே மனிதர் பாலடினுக்கு எழுதிய விதியில், தெரிந்தே விரும்பியே தீமை செய்தால் பட்டம் அப்போதே போய்விடும், திரும்பக் கிடைக்காது என்கிறார். 'தெரிந்தே' என்று எழுதிய உடனே நோக்கம் உள்ளே வந்துவிட்டதே!

கம்ப்யூட்டருக்கு இந்தச் சிக்கல் கிடையாது, அதற்கு மனம் தெரியாது. ரிச்சர்ட் கேரியட்டின் அல்டிமா 4 (1985) எனக்கு ரொம்பப் பிடித்த கேம். பெரிய வில்லனைக் கொல்வதல்ல அதில் இலக்கு, எட்டு நற்பண்புகளில் தேறி அவதார் ஆவது. மந்திரச் சரக்கு விற்கும் பார்வையில்லாத வியாபாரியிடம் நாமே காசை எண்ணி வைக்க வேண்டும். குறைத்து வைத்தால் பிடிபட மாட்டோம், ஆனால் உள்ளே நேர்மைக் கணக்கு இறங்கும். அருமையான யோசனை. ஆனால் பிச்சைக்காரருக்கு ஒரே ஒரு பொற்காசு போட்டாலும் கருணைக் கணக்கு ஏறும். இது தெரிந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரே பிச்சைக்காரரிடம் திரும்பத் திரும்பப் போய் ஒவ்வொரு காசாகப் போட்டேன். அவர் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கேம் என்னைக் கருணைக் கடல் என்று ஏற்றுக்கொண்டது.

2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 என்ற கம்ப்யூட்டர் கேம் அலைன்மென்ட்டையே தூக்கிவிட்டது, பாலடினின் சபதத்தை மட்டும் விடவில்லை. கூண்டில் அடைபட்ட லேசெல் என்ற கூட்டாளியை மீட்கக் காவல் நிற்கும் டீஃப்லிங் என்ற கொம்புள்ள இனத்தவர் இருவரைக் கொன்றால் சபதம் உடைகிறது. மீட்கத்தான் கொன்றேன் என்று சொல்ல அங்கே இடமில்லை. அப்புறம் ஆயிரம் பொற்காசு கட்டினால் சபதம் திரும்பிவிடும் என்பது தனிக் கூத்து.

மேசையில் அப்படியில்லை. நான் கேட்கலாம், கேட்டேன். ஊர்தான் உன் கவலை என்றால் பக்கத்தில் படுத்திருந்த பாலடினை ஏன் எழுப்பவில்லை? ஊர்த்தலைவரிடம் ஒப்படைப்போம் என்று ஒரு வார்த்தை பேசினாயா? அதெல்லாம் போகட்டும், காலையில் ஏன் பொய் சொன்னாய்? ஊரைக் காப்பாற்றியவன் அதை மார்தட்டியல்லவா சொல்லியிருப்பான்?

நோக்கம் யாருக்கும் தெரியாமல் நெஞ்சுக்குள் கிடக்கும் ரகசியம் என்பதை நான் ஒப்புக்கொள்வதில்லை. செய்த காரியத்துக்கு முன்னும் பின்னும் செய்த சின்னச் சின்ன வேலைகளில் அது தெரிந்துவிடும். இதே குழுவில் மந்திரத்தால் நோய் தீர்க்கும் கிளெரிக் முன்பொரு தடவை காய்ச்சலில் கிடந்த குழந்தைக்கு மருந்து கொடுத்தாள். கடைக்காரன் விஷத்தை மாற்றிக் கொடுத்திருந்தான், குழந்தை செத்தது. அவள் ஷீட்டில் நான் கைவைக்கவில்லை. கொடுப்பதற்கு முன்பு முகர்ந்து பார்த்தாள், தன் நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்தாள், கடைசி மந்திரத்தைக் குழந்தைக்கே செலவழித்தாள். ஊர்க்காரர்கள் கல்லால் அடித்துத் துரத்தினார்கள், அது வேறு. பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் நோக்கத்தை எடைபோட்டுக்கொண்டா இருப்பார்கள்?

அலைன்மென்ட்டே வேண்டாம், தொல்லை விட்டது என்பவர்களும் உண்டு. 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதற்குப் பல் அநேகமாக இல்லைதான். எனக்கு வேண்டும். அழிக்க ஒரு சொல் ஷீட்டில் இல்லாமல் போயிருந்தால் அந்தக் கொள்ளைக்காரனைப் பற்றி நாங்கள் ஒரு நிமிடம்கூடப் பேசியிருக்க மாட்டோம்.

அன்று முடிவு எதுவும் ஆகவில்லை. ரப்பர் ஷீட்டின் மேலேயே கிடந்தது. அடுத்த ஞாயிறு பாலடினை ஆடும் அண்ணன் வந்து உட்கார்ந்தார். நடந்தது மேசையில் எல்லோருக்கும் தெரியும், அவருடைய பாலடினுக்கு மட்டும் தெரியாது. "புதைப்பதற்கு முன்னால் பிணத்தைப் பார்க்கிறேன்" என்றார். "கையில் கட்டியிருந்த கயிறு எப்படி இருக்கிறது?"

"நீங்கள் போட்ட முடிச்சு அப்படியே இருக்கிறது" என்றேன்.

ரோக்கை ஆடுபவன் தலையைக் குனிந்துகொண்டு டைஸை உருட்டிக்கொண்டிருந்தான், யாரும் உருட்டச் சொல்லாமலே.