பனிப்போர் நடுவுலயும் நிக்காத வேலை

அமெரிக்காவும் சோவியத்தும் விண்வெளில கைகுலுக்கினது வெறும் போட்டோவுக்குத்தான்னு கட்டுரைல எழுதியிருக்கீங்க, அதை என்னால ஏத்துக்க முடியல. 1975 ஜூலைல அமெரிக்காவோட அப்போலோ, சோவியத்தோட சோயுஸ் ரெண்டு விண்கலமும் விண்வெளில இணைஞ்சது எல்லாருக்கும் தெரியும், ஆனா அதே வருஷம் நவம்பர்ல சோவியத் அனுப்பின காஸ்மாஸ் 782 உயிரியல் சாட்டிலைட்ல (எடையில்லாத நிலை உயிர்களோட உடம்பை என்ன பண்ணுதுன்னு பாக்கற சாட்டிலைட்) அமெரிக்க விஞ்ஞானிகளோட பரிசோதனைகளும் போச்சு, அப்புறம் ஆப்கானிஸ்தானுக்குள்ள சோவியத் படை நுழைஞ்சது, ஒலிம்பிக் புறக்கணிப்புன்னு எவ்ளோ நடந்தும் அந்த வேலை நிக்கல. 1983 செப்டம்பர்ல கொரிய பயணிகள் விமானத்தை சோவியத் சுட்டு வீழ்த்தி ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டு நின்னப்பவும், டிசம்பர்ல ரெண்டு குரங்கோட போன காஸ்மாஸ் 1514-ல அமெரிக்க பரிசோதனை இருந்துச்சு. இதுவா போட்டோ?

எனக்கு இது சும்மா பேச்சு இல்லீங்க. பெரம்பூர்ல எங்க வீட்டு பாத்ரூம்ல அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு ஆறு வாரம் படுத்த படுக்கை, கெண்டைக்கால் சதை அப்படியே கரைஞ்சு, இறுக்கமா இருந்த மெட்டி கூட லூஸாகி பெட்ஷீட்ல கழண்டு கிடந்துச்சு. பிசியோதெரபிக்கு வந்த தம்பிதான் சொன்னாரு, விண்வெளில எடையே இல்லாம மிதக்கறவங்களுக்கும் இதே கதைதான், இடுப்பெலும்பு அடர்த்தி மாசத்துக்கு 1 சதவீதத்துக்கு மேலயே குறையும், அதனாலதான் தினமும் ரெண்டு மணி நேரம் எக்சர்சைஸ் பண்றாங்கன்னு. அன்னைலேர்ந்து அம்மாவும் ஒரு நாள் விடாம கால் தூக்கி தூக்கி வச்சாங்க, இப்ப மார்க்கெட் வரைக்கும் நடக்கறாங்க.

2025-ல நம்ம விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா தசை செல் பரிசோதனை பண்ணதும் ரஷ்யாவும் அமெரிக்காவும் சேர்ந்து ஓட்டற சர்வதேச விண்வெளி ஸ்டேஷன்லதான். ஆனா 2011-லேர்ந்து நாசா சீனாவோட நேரடியா சேர அமெரிக்க சட்டமே முட்டுக்கட்டையா இருக்கு, மருத்துவ ஆராய்ச்சிக்கு மட்டுமாவது அதை எடுத்துடணும், அதைப் பத்தியும் எழுதுங்க.