‘போலீஸ் பிடிச்சுட்டுப் போயிடும்’ என்று பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள்

மழலையர் வகுப்பில் 14 வருடமாக டீச்சராக இருக்கிறேன். எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை ‘நமக்கு உதவுவோர்’ பாடம் வரும். டாக்டர், தபால்காரர், தூய்மைப் பணியாளர், தீயணைப்பு வீரர், போலீஸ். மற்ற எல்லோருடைய படத்தையும் காட்டும்போது பிள்ளைகள் கையைத் தூக்கிக் கத்துவார்கள். போலீஸ் படத்தை எடுத்தால் மட்டும் இரண்டு மூன்று பிள்ளைகள் சத்தமில்லாமல் பின்னால் நகர்வார்கள். முதல் சில வருடங்கள் இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ள வைத்தது ஒரு சித்திரைத் திருவிழா. மதுரைக்கு வரும் கள்ளழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை அன்று தல்லாகுளத்தில் கூட்டம் எப்படி இருக்கும் என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். எங்கள் தெருவில் இருந்து நான்கு குடும்பம் சேர்ந்து போனோம். சர்க்கரைச் செம்பை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு வந்த அம்மா, ஒரு நிமிடம் சேலையைச் சரிசெய்யக் கையை விட்டார். அவ்வளவுதான், பையனைக் காணோம். என் வகுப்புப் பையன். ஐந்து வயது. மஞ்சள் சட்டை.

மைக்கில் சொல்லச் சொன்னோம். இரண்டு போலீஸ்காரர்கள் எங்களோடு சேர்ந்து சந்து சந்தாகத் தேடினார்கள். முக்கால் மணி நேரம் கழித்து ஒரு ஜிகர்தண்டா வண்டிக்கு அடியில், தொங்கிய சாக்குக்குப் பின்னால் அவனைக் கண்டுபிடித்தோம். முழங்காலைக் கட்டிக்கொண்டு, அழக்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தான். அந்த வண்டிக்குப் பக்கத்திலேயே ஒரு காவலர் பந்தோபஸ்துக்கு நின்றுகொண்டிருந்தார். நாலடி தூரம் இருக்கும். அவர் பூட்ஸைப் பார்த்துக்கொண்டே இவன் ஒளிந்திருக்கிறான். “ஏன்டா தம்பி, அவர்கிட்ட சொல்லலாம்ல?” என்று கேட்டேன். “அம்மா என்னைப் புடிச்சுக் குடுத்துருவேன்னு சொல்லிருக்கு மிஸ்” என்றான். அந்த அம்மா நடுரோட்டில் உட்கார்ந்து அழுதார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். சோறு ஊட்ட, தூங்க வைக்க, சேட்டையை அடக்க என்று நம் வீடுகளில் எல்லோரும் சொல்வதைத்தான் அவரும் சொல்லியிருந்தார்.

அந்த மிரட்டல் முழுப் பொய் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தை செய்யும் எதுவும் குற்றமே ஆகாது என்று நம் சட்டம் சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 82-வது பிரிவு, இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 20-வது பிரிவு. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-ல் வந்த போக்சோ சட்டத்தின் 24-வது பிரிவு இன்னும் ஒருபடி மேலே போகிறது. பாதிக்கப்பட்ட குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது அதிகாரி சீருடையில் இருக்கக் கூடாது, எந்தக் காரணத்துக்காகவும் குழந்தையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது என்கிறது. காக்கியைக் கண்டு குழந்தை மிரளக் கூடாது என்று சட்டம் இவ்வளவு பார்க்கிறது. நாமோ சாப்பாட்டுத் தட்டோடு உட்கார்ந்து தினமும் அந்தப் பயத்தை ஊட்டுகிறோம்.

அடுத்த ஜூனிலேயே வகுப்பை மாற்றினேன். அதுவரை போலீஸ் பாடம் என்றால் கலர் அடிக்க ஒரு தொப்பிப் படமும் மாறுவேடப் போட்டியும்தான். வாடகைக்கு எடுக்கும் அந்த உடையோடு ஒரு துப்பாக்கியும் பிளாஸ்டிக் விலங்கும் சேர்ந்தே வரும். நான் அவை இரண்டையும் வகுப்புக்குள் விடுவதில்லை. துணி ஒன்றே போதும். எங்கள் வகுப்பில் தொப்பி கூட பிரவுன் சார்ட்டில் பிள்ளைகளே வெட்டி ஒட்டுவதுதான். இன்ஸ்பெக்டருக்குத் தோளில் மூன்று நட்சத்திரம், எஸ்.ஐ.க்கு இரண்டு என்று எண்ணி ஒட்டுவார்கள். எண்கள் பாடம் அதிலேயே நடந்துவிடும். டிராஃபிக் போலீசுக்கு மட்டும் ஏன் வெள்ளைச் சட்டை என்று ஒரு பிள்ளை கேட்கும். பாண்டிச்சேரிக்குப் போய்வந்த பிள்ளை அங்கே சிவப்புத் தொப்பி என்று சண்டைக்கு வரும். நல்ல சண்டை அது.

எங்கள் ஸ்டேஷன் இரண்டு அட்டைப்பெட்டியும் ஒரு பழைய டெலிபோனும்தான். அதில் நடக்கும் ஒரே விளையாட்டு, ‘தொலைந்த பாப்பா’. ஒரு பிள்ளை தொலைந்துபோய் வரும். இன்னொரு பிள்ளை மேசைக்குப் பின்னால் போலீஸ். “உன் பேர் என்ன? அப்பா பேர் என்ன? எந்தத் தெரு? போன் நம்பர் சொல்லு.” கேட்க எளிது. ஆனால் முதல் வாரம் பாதிப் பிள்ளைகளுக்கு அம்மா பெயர் ‘அம்மா’தான். போன் நம்பர் யாருக்கும் தெரியாது. பத்து இலக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லச் சொன்னால் வராது. மூன்று, மூன்று, நான்கு என்று உடைத்து, கைதட்டித் தாளத்தோடு பாட வைத்தால் பத்து நாளில் வந்துவிடுகிறது. வீட்டிலும் அதே தாளத்தில் பாடச் சொல்லிப் பெற்றோருக்கு எழுதி அனுப்புவேன். 1098 இன்னும் சுலபம். பத்து, ஒன்பது, எட்டு என்று ராக்கெட் விடுகிற மாதிரி இறங்கினால் முடிந்தது. 1996-ல் மும்பையில் தொடங்கிய குழந்தைகள் உதவி எண் அது. 24 மணி நேரமும் இலவசம். அதோடு அவசர உதவி எண்ணான 112-ஐயும் சேர்த்து அந்தப் பழைய டெலிபோனில் அழுத்திப் பழகுவார்கள். காணும் பொங்கலுக்கு மெரினாவிலும், தீபத்துக்குத் திருவண்ணாமலையிலும் பிள்ளைகள் கையில் பெற்றோர் எண் எழுதிய பட்டையைப் போலீசாரே கட்டிவிடுகிறார்கள். அருமையான வேலை. ஆனால் பட்டை கட்டாத நாளிலும் பிள்ளை தொலையும். அன்றைக்கு அந்த எண் அதன் வாயில் இருக்க வேண்டும்.

விரல்ரேகை எடுப்பதுதான் பிள்ளைகளுக்கு உயிர். மை வேண்டாம், பீட்ரூட் சாறே போதும். பத்து விரலையும் வெள்ளைத்தாளில் பதித்துவிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்ப்பார்கள். சங்கா சக்கரமா என்று நம் பாட்டிகள் விரலைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதேதான். உலகின் முதல் விரல்ரேகைப் பிரிவு 1897-ல் நம் கல்கத்தாவில்தான் தொடங்கியது என்பதையும், அந்த ரேகைகளை வகைப்படுத்த உழைத்தவர்களில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்கள் இருந்தார்கள் என்பதையும் பெற்றோரிடம் சொல்வேன். பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: உன் விரல் மாதிரி இன்னொரு விரல் கிடையாது. அன்று முழுவதும் விரலைப் பார்த்துக்கொண்டே திரிவார்கள்.

மோப்ப நாய் விளையாட்டுக்கு ஓட்டை போட்ட டப்பாக்கள். பெருங்காயம், ஓமம், காப்பித்தூள், மரிக்கொழுந்து. ஒருமுறை கோடாலித் தைலம் நனைத்த பஞ்சை வைத்தேன். ஒரு பிள்ளை முகர்ந்துவிட்டு, “இது எங்க அப்பத்தா வாசம்” என்றது.

எனக்கு இன்னும் மனசை உறுத்தும் விஷயம் வேறு. முதன்முதலில் ஸ்டேஷன் விளையாட்டைத் தொடங்கிய நாள், போலீஸ் தொப்பி போட்ட பையன் எதிரில் வந்த பிள்ளையிடம் பெயரைக் கேட்கவில்லை. ஸ்கேலை எடுத்து ஓங்கினான். எதிரில் நின்றவனும் அவனாகவே கையைக் கட்டிக் குனிந்துகொண்டு, “சார் அடிக்காதீங்க சார்” என்றான். ஐந்து வயது. யாரும் சொல்லிக்கொடுக்காமலே இரண்டு பேருக்கும் வசனம் தெரிந்திருந்தது. நான் ஸ்கேலை வாங்கி வைத்துவிட்டு, “நம்ம ஸ்டேஷன்ல யாரும் யாரையும் அடிக்கக் கூடாது” என்றேன். அன்றிலிருந்து அதுதான் எங்கள் ஒரே சட்டம். திருடன் போலீஸ் ஓடிப்பிடித்தல் உண்டு. பிடித்தால் தோளைத் தொட வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு அப்பா என்னிடம் நேராகவே கேட்டார். “2020-ல சாத்தான்குளத்துல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சும், போலீஸ் உங்கள் நண்பன்னு சொல்லிக்கொடுக்கிறீங்களே மிஸ்?” நியாயமான கேள்வி. ஸ்டேஷனில் போலீஸ் அடித்ததில் ஒரு அப்பாவும் மகனும் இறந்துபோன அந்தச் சம்பவத்தை நினைத்தால் எனக்கும் வயிறு எரிகிறது. போலீஸ் எல்லோரும் தெய்வம் என்று நான் சொல்லிக்கொடுக்கவில்லை. கூட்டத்தில் தொலைந்த பிள்ளை யாரிடமாவது போய்த்தான் ஆக வேண்டும், அதில் காக்கிச் சட்டை போட்டவரிடம் கேட்பது அதன் உரிமை என்கிறேன். அருகில் போலீஸ் இல்லையென்றால் குழந்தையோடு நிற்கும் ஒரு அம்மாவிடமோ, கல்லாவில் இருக்கும் கடைக்காரரிடமோ கேள் என்றும் சேர்த்தே சொல்கிறேன். போலீஸ் என்றால் அடிப்பவர் என்பதை ஐந்து வயதிலேயே சரி என்று ஏற்றுக்கொண்டு வளரும் பிள்ளை, பெரியவனாகி லத்தி கையில் வந்தாலும் அதைத்தான் செய்யும், எதிரில் நின்றாலும் அதைத்தான் எதிர்பார்க்கும். அதனால்தான் அந்த ஸ்கேல் எனக்கு அவ்வளவு முக்கியமாகப் படுகிறது.

போன வருடம் ஒரு பெண் காவலர் வகுப்புக்கு வந்தார். வரும் முன்பே ஒரு வேண்டுகோள் வைத்தேன்: “‘சேட்டை பண்ணினா போலீஸ் அக்காகிட்ட சொல்லிடுவேன்’னு மட்டும் யாரும் இங்க பேச வேண்டாம் மேடம்.” அவர் சிரித்தார். உள்ளே வந்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஒருவரும் அசையவில்லை. பிறகு ஒரு சிறுமி கேட்டாள், “நீங்க காலையில என்ன சாப்பிட்டீங்க?” “இட்லி. தக்காளிச் சட்னி.” “எங்க வீட்லயும் தக்காளிச் சட்னிதான்!” அதன்பிறகு விசிலைத் தொட, தோள்பட்டை எழுத்தைப் படிக்க, பெல்ட்டைத் தடவிப் பார்க்க என்று அவர் மேலேயே ஏறிவிட்டார்கள்.

வரும் திங்கட்கிழமை இந்த வருடத்து ஸ்டேஷனைக் கட்டத் தொடங்குகிறோம். பழைய பெட்டிகள் மழையில் நனைந்துவிட்டன. யார் வீட்டிலாவது ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் வாங்கிய பெரிய அட்டைப்பெட்டி இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன்.