இழப்பு அச்சம் எப்போதும் நிதானத்தைத் தருவதில்லை

"மனிதர்கள் இழப்புக்கு அஞ்சுபவர்கள், ஆகவே மேலாளர்களும் எப்போதும் இடரைத் தவிர்ப்பார்கள்" என்று பொதுவாகக் கூறப்படுவது பாதி உண்மைதான். உளவியலாளர்கள் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வின்படி, லாபம் உறுதியாக இருக்கும்போது இடரைத் தவிர்க்கும் பலர், உறுதியான இழப்பை எதிர்கொள்ளும்போது, அதிலிருந்து தப்பும் வாய்ப்புக்காக அதைவிடப் பெரிய இழப்புக்கான இடரையும் ஏற்கத் துணிகிறார்கள். முதலீட்டு முடிவுகளில் மிகவும் கவலைக்குரியது இந்த இரண்டாவது பாதியே. நிறுவன நடத்தை ஆய்வாளர் பேரி ஸ்டா 1976இல் வணிகவியல் மாணவர்களிடம் நடத்திய சோதனையில், நிதி ஒதுக்கத் தாமே தேர்ந்தெடுத்த நிறுவனப் பிரிவு நலிவடைந்ததைக் கண்டவர்கள், அந்தத் தேர்வில் பங்கில்லாதவர்களைவிட அதற்குக் கூடுதல் நிதியை ஒதுக்கினார்கள். எனவே, நட்டத்தில் ஓடும் திட்டத்துக்கு மேலும் பணம் தருவதா என்ற முடிவை, அதைத் தொடங்கிய மேலாளரிடம் மட்டும் விடுவது பாதுகாப்பானது என நினைப்பது தவறு.