பாம்பு ஸ்கிரீனும் நோவெல் ஷேரும்

தொண்ணூறுகள்ல சர்வர் ரூம்ல குப்பை கொட்டினவங்களுக்கு அந்தப் பாம்பு ஞாபகம் இருக்கும். நோவெல் கம்பெனியோட நெட்வேர்ங்கற சாஃப்ட்வேர் ஓடற சர்வரை கொஞ்ச நேரம் யாரும் தொடலன்னா கருப்பு ஸ்கிரீன்ல ஒரு சிவப்பு பாம்பு ஊர ஆரம்பிக்கும், சர்வருக்கு வேலை கூடக் கூட பாம்பு நீளமாகும், வேகமா ஓடும். மெட்ராஸ்ல ஒரு ஆபீஸ்ல நான் அட்மினா இருந்தப்ப காலைல உள்ள நுழைஞ்சதும் பாக்கறது பாம்பு மொகத்துலதான், அது சோம்பலா நெளிஞ்சா அன்னிக்கு நமக்கும் நிம்மதி.

இப்ப எதுக்கு இந்தப் பழங்கதைன்னா, ஒரு வாட்ஸப் குரூப்ல ரெண்டு நாளா ஒரே பேச்சு, "பெரியவனை இந்தச் சின்ன கம்பெனி தூக்கிரும், இப்பவே வாங்கிப் போடுங்க"ன்னு. எந்தக் கம்பெனின்னு நான் சொல்லல, சொன்னா இங்கயும் சண்டை ஆரம்பிச்சிரும். ஆனா அவங்க அடுக்குற காரணம் ஒவ்வொண்ணும் நோவெல் விஷயத்துல நான் கேட்டு, நம்பி, நாலு பேர்கிட்ட நானே ஓதினதுதான்.

நோவெல்னா யாருன்னு கேக்கிற வயசுப் பசங்களுக்கு: அமெரிக்காவுல யூட்டா மாநிலம், ப்ரோவோன்னு ஒரு ஊர், அங்க 1983ல ரே நூர்டான்னு ஒருத்தர் கையில வந்த கம்பெனி. பத்து கம்ப்யூட்டருக்கு ஒரு பிரிண்டர், ஒரு ஹார்ட் டிஸ்க், இதைப் பங்கு போட்டுக் கொடுக்கறதுதான் நெட்வேரோட வேலை, அதை அது செஞ்ச மாதிரி எவனும் செய்யல. தொண்ணூறுகளோட தொடக்கத்துல உலகத்து ஆபீஸ் நெட்வொர்க்ல பாதிக்கு மேல இவங்கதான். எஃப் டிரைவ்னா நெட்வேர், அவ்வளவுதான். நெட்வேர் ஓட்டத் தெரியும்னு நோவெல் குடுக்கிற சிஎன்இ சர்டிபிகேட் வெச்சிருந்தா கல்யாண மார்க்கெட்லயே மதிப்புன்னு நாங்க எங்களுக்குள்ள பேசிக்குவோம் (எனக்கு அந்த மதிப்பு வேலை செய்யல, அது வேற கதை).

நூர்டாவுக்கும் மைக்ரோசாஃப்ட்டுக்கும் ஏழாம் பொருத்தம். நடுவுல ரெண்டு கம்பெனியையும் இணைச்சிடலாமான்னு பேசிப் பாத்தாங்க, நடக்கல. அப்புறம் மனுஷன் பில் கேட்ஸுக்கு சொர்க்க வாசல்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பட்டப்பேர், ஸ்டீவ் பால்மருக்கு பொணத்தைப் பதப்படுத்தறவர்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒண்ணு வெச்சாரு. ஒருத்தர் சொர்க்கம் தர்றேம்பாரு, இன்னொருத்தர் குழிக்குத் தயார் பண்ணுவாருன்னு விளக்கம் வேற. வேடிக்கையாதான் இருந்துச்சு, ஆனா அந்தக் கோவத்துல கம்பெனி என்னென்ன வாங்குச்சுன்னு பாருங்க. 1991ல டிஜிட்டல் ரிசர்ச், மைக்ரோசாஃப்ட்டோட டாஸுக்கு எதிரா. 1993ல ஏடி அண்ட் டி கிட்ட இருந்து யூனிக்ஸ், அவங்களோட புது சிஸ்டம் விண்டோஸ் என்டிக்கு எதிரா. 1994ல 855 மில்லியன் டாலருக்கு டைப் அடிக்கிற வேர்ட்பெர்ஃபெக்ட், 145 மில்லியனுக்கு கணக்குப் போடற குவாட்ரோ ப்ரோ, எம்எஸ் ஆபீஸுக்கு எதிரா. எதிரி கடைல என்னெல்லாம் இருக்கோ அதெல்லாம் நம்ம கடைலயும் இருக்கணும்ங்கற வீம்பு, வேற ஒண்ணும் இல்ல. ரெண்டே வருஷத்துல வேர்ட்பெர்ஃபெக்ட்டையும் குவாட்ரோவையும் கோரல்காரங்களுக்குத் தள்ளி விட்டப்ப போட்ட காசுல கால்வாசி கூடத் தேறல.

அந்த நேரத்துல விண்டோஸ் என்டி. 1993ல வந்தப்ப நாங்க விழுந்து விழுந்து சிரிச்சோம். 4 எம்பி ராம்ல நெட்வேர் 3 ஜம்முனு ஓடும், இவன் சர்வருக்கு 16 எம்பி கேக்கறான், அன்னிக்கு ராம் விலைக்கு முதலாளி நம்மளையே வித்துருவாரு.

இப்ப ஷேர் கதைக்கு வரேன். 1997ல நோவெல் பங்கு பத்து டாலருக்குக் கீழ கெடந்துச்சு. வித்ததா கணக்குல இருந்த சரக்கு டிஸ்ட்ரிபியூட்டருங்க குடோன்லயே தேங்கி நின்னுச்சு. சன் கம்பெனில தொழில்நுட்பத் தலைவரா இருந்த எரிக் ஷ்மிட் அந்த வருஷம் சிஇஓவா வந்தாரு, ஆயிரம் பேர் பக்கம் வீட்டுக்கு அனுப்பினாரு, அதுலேர்ந்து பங்கு ஏற ஆரம்பிச்சுது. 2000 தொடக்கத்துல நாப்பது டாலரைத் தாண்டிருச்சு. அந்த மூணு வருஷத்துல நோவெல் வாங்கச் சொன்னவங்க வாதம் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

கடன் கிடையாது, கையில நூறு கோடி டாலர் பக்கம் ரொக்கம், அதனால விலை எவ்வளவு கீழ போயிடும்னு ஒண்ணு. கம்பெனில இருக்கிற யூசர், பிரிண்டர் விவரமெல்லாம் ஒரே எடத்துல வெக்கிற நோவெலோட என்டிஎஸ் 1993லயே வந்தாச்சு, அதுக்குப் போட்டியான மைக்ரோசாஃப்ட்டோட ஆக்டிவ் டைரக்டரி வரவே இல்லன்னு இன்னொண்ணு. இது வெறும் பேச்சு இல்ல, நெஜமாவே நோவெல் பல வருஷம் முன்னாடி இருந்துச்சு. என்டிஎஸ்ல மொத்தக் கம்பெனியும் ஒரே மரம், யூசர் எந்த ஊர் ஆபீஸ்ல உக்காந்தாலும் ஒரே லாகின். என்டி டொமைன்ல ஒவ்வொண்ணும் தனித்தீவு, தீவுக்குத் தீவு டிரஸ்ட்னு பாலம் கட்டணும், பத்து டொமைன் ஆச்சுன்னா அந்தப் படத்தை வரைஞ்சவனுக்கே புரியாது. அப்புறம், என்டி 5 தள்ளிப் போயிட்டே இருக்கு, பேரை விண்டோஸ் 2000னு மாத்தினதுதான் மிச்சம், வந்தாலும் ஓட்டையாதான் வரும்னு ஒண்ணு. கடைசியா, 1998 மே மாசம் அமெரிக்க அரசாங்கமே மைக்ரோசாஃப்ட் மேல கேஸ் போட்டுருச்சு, கம்பெனியை ரெண்டாப் பிளக்கப் போறாங்க, நம்மாளு ஜெயிச்சான்னு.

நாலையும் திரும்பப் படிங்க. முதல் வாதம் பேங்க் பாஸ்புக். மத்த மூணும் மைக்ரோசாஃப்ட் என்ன செய்யாது, எப்ப தடுக்கி விழும், யாரு அதைத் தள்ளி விடுவாங்கங்கறதைப் பத்தினது. நோவெல் எழுந்து நின்னு என்ன செய்யப் போகுதுன்னு ஒரு வரி கூட இல்ல! என்டிஎஸ் நல்ல சரக்குதான், ஆனா அந்த வாதத்தோட உயிரே "அவன்கிட்ட இல்ல"ங்கறதுலதான் இருந்துச்சு. 2000 பிப்ரவரி 17ல விண்டோஸ் 2000 ஆக்டிவ் டைரக்டரியோட கடைக்கு வந்துருச்சு. சுமாராத்தான் வந்துச்சு, வந்தாப் போதுமே. அதே வருஷம் மே மாசம் விற்பனை எதிர்பார்த்த அளவு இல்லன்னு நோவெல் சொல்லுச்சு, பங்கு பொத்துன்னு விழுந்து வருஷக் கடைசியில அஞ்சு டாலர் பக்கம் வந்து நின்னுச்சு. பிளக்கச் சொன்ன தீர்ப்பு 2000 ஜூன்ல வந்துச்சுதான், அடுத்த வருஷமே அப்பீல் கோர்ட்ல அதைத் தூக்கிட்டாங்க. ஷ்மிட் 2001ல கூகுளுக்குப் போயிட்டாரு, அதுக்கப்புறம் அவரு என்ன ஆனாருன்னு நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்ல.

அப்ப உண்மையான காரணம் என்ன? என்னைக் கேட்டா ஷேர் மார்க்கெட்காரங்களை விட எங்க ஆபீஸ் சீனியர் ஒருத்தர் தெளிவா சொன்னாரு, அதுவும் 1996லயே, டீக்கடைல நின்னுக்கிட்டு. "டேய், முதலாளி பொட்டி ஒண்ணுதான் வாங்குவாரு, அதுல டேட்டாபேஸ் ஓடணும், மெயில் ஓடணும், நாளைக்கு எவனோ எழுதிக் குடுக்கிற சாஃப்ட்வேர் ஓடணும், உன் பாம்பு மட்டும் ஓடினாப் போதுமா?"ன்னாரு. எனக்கு சுருக்குன்னுச்சு, ஒரு வாரம் அவர்கூடப் பேசல.

அவர் சொன்னதுக்கு டெக்னிக்கலா ஒரு காரணம் இருக்கு. நெட்வேர் ஏன் அவ்வளவு வேகம்னா அது உள்ள சுவரே கட்டல. என்எல்எம்னு சொல்ற புரோகிராம் எல்லாம் சிஸ்டத்தோட உயிர்நாடியான கெர்னலோட ஒரே ரூம்ல, ஒரே பாயில படுத்துக்கும். ஃபைல் எடுத்துக் குடு, பிரிண்ட் அனுப்புங்கற வரைக்கும் அது சொர்க்கம், மாசக்கணக்குல ரீபூட் கிடையாது. 2001ல ஒரு செய்தி கூட சுத்துச்சு, வட கரோலினா பல்கலைக்கழகத்துல ஒரு நெட்வேர் சர்வர் எங்க இருக்குன்னே தெரியாம கேபிளைப் பிடிச்சுக்கிட்டே போனா அது சுவருக்குப் பின்னாடி, நாலு வருஷமா அடைச்சு வெச்ச எடத்துல ஓடிட்டு இருந்துச்சாம், உண்மையோ கட்டுக்கதையோ, நெட்வேர் பாத்தவன் எவனும் இதை சந்தேகப்பட மாட்டான். ஆனா அதே ரூம்ல வெளியாள் எழுதின ஒரு டேட்டாபேஸ் வந்து படுத்து, அது கால் உதைச்சுதுன்னா மொத்த சர்வரும் அபெண்டு, அதாவது அப்படியே படுத்துரும், ஆபீஸே எழுந்து நம்ம சீட்டுக்கு வந்துரும். என்டி மெதுவாதான் ஓடும், ஆனா ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி ரூம், தாழ்ப்பாள் எல்லாம் உண்டு. அதை விட முக்கியம், டெஸ்க்டாப்ல விண்டோஸுக்கு எழுதத் தெரிஞ்ச பையன் அதே வித்தையை வெச்சு சர்வருக்கும் எழுதலாம், நெட்வேருக்கு எழுதணும்னா தனியா ஒரு தவம் கெடக்கணும், எத்தனை பேர் கெடப்பான்? மைக்ரோசாஃப்ட்டோட எக்ஸ்சேஞ்ச் மெயில் வேணும்னா என்டி வாங்கித்தான் ஆகணும், வாங்கின என்டில ஃபைலும் பிரிண்ட்டும் கூடவே வருது, அப்புறம் எதுக்குய்யா தனியா நெட்வேர் சிவப்பு டப்பான்னு முதலாளி கேப்பாரு. கேட்டாரு.

இன்டர்நெட் வேற. உலகமே இன்டர்நெட் பாஷையான டிசிபி ஐபிக்குப் போயிட்டிருக்கு, நெட்வேர் தன்னோட சொந்த பாஷை ஐபிஎக்ஸைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இருந்து 1998ல நெட்வேர் 5லதான் முழுசா மாறுச்சு. லேட்.

சரி, நான் எவ்வளவு விட்டேன்னு கேப்பீங்க. ஷேர்ல ஒரு பைசா இல்ல, இருந்தா விட்டிருப்பேன். இங்க இருந்துக்கிட்டு அமெரிக்க ஷேர் வாங்கறதெல்லாம் அப்ப நமக்கு எங்க, 2004லதான் ரிசர்வ் வங்கி வருஷத்துக்கு 25,000 டாலர் வரைக்கும் வெளிய அனுப்பவே விட்டுச்சு. நான் போட்டது சிஎன்இ பரீட்சை ஃபீஸும் ரெண்டு வருஷப் படிப்பும். அதுக்கு யாரையும் குத்தம் சொல்ல முடியாது, என் சீனியர் முன்னாடியே சொல்லிட்டாரு.

விழுந்த அப்புறமும் நம்பிக்கை விடல பாருங்க, அதுதான் எனக்கு ஆச்சரியம். 2003ல 210 மில்லியன் டாலருக்கு சூசேங்கற லினக்ஸ் கம்பெனியை வாங்கறோம்னு அறிவிச்சாங்க, உடனே "இப்ப லினக்ஸ் வெச்சு மைக்ரோசாஃப்ட்டை அடிப்பாங்க"ன்னு புதுப் பாட்டு. 2004ல பழைய நெட்வேர் தகராறை கோர்ட்டுக்குப் போகாமலே முடிக்க மைக்ரோசாஃப்ட் 536 மில்லியன் டாலர் குடுத்துச்சு, எனக்குத் தெரிஞ்சு அந்தச் சண்டைல நோவெல் பாத்த பெரிய லாபம் அதான், சாஃப்ட்வேர் வித்து இல்ல, சமரசத்துல. 2006ல அதே மைக்ரோசாஃப்ட்டோட கை குலுக்கி, அவங்களே சூசே கூப்பன் வாங்கி தங்களோட கஸ்டமருங்களுக்குக் குடுக்கிற ஒப்பந்தம், லினக்ஸ் ஆளுங்க கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டாங்க.

2010ல எலியட்னு ஒரு ஃபண்ட் பங்குக்கு 5.75 டாலர் தர்றேன்னு வந்துச்சு. மொத்தம் 200 கோடி டாலர் பக்கம், அதுல பாதி நோவெல் கையிலயே இருந்த ரொக்கம், அதாவது மிச்ச மொத்த வியாபாரத்துக்கும் அவ்வளவுதான் மதிப்புன்னு அர்த்தம். வேண்டாம்னுட்டு கடைசியில அட்டாச்மேட்ங்கற கம்பெனிக்கு 6.10 டாலர்னு குடுத்தாங்க, 2011 ஏப்ரல்ல கதை முடிஞ்சுது. 882 பேடண்ட்டை 450 மில்லியனுக்கு வாங்கின கூட்டணியில மைக்ரோசாஃப்ட்டும் ஒரு ஆளு. அந்த வருஷக் கடைசியில வேர்ட்பெர்ஃபெக்ட்டை நசுக்கிட்டாங்கன்னு மைக்ரோசாஃப்ட் மேல நோவெல் போட்ட கேஸுக்காக பில் கேட்ஸ் சால்ட் லேக் சிட்டி கோர்ட்ல வந்து சாட்சி சொன்னாரு, ஜூரிக்குள்ள ஒத்துப் போகல, அப்புறம் ஜட்ஜே கேஸை தள்ளுபடி பண்ணிட்டாரு.

வாட்ஸப் குரூப்ல இதையெல்லாம் எழுதலாம்னு பாத்தேன். "அங்கிள், இது வேற, அது வேற"ன்னு ஒரு பையன் முதல்லயே போட்டுட்டான். சரி தம்பி, ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டேன், அந்தப் பெரிய கம்பெனி பேரையே எடுக்காம உன் கம்பெனி ஏன் வளரும்னு நாலு வரி எழுதுன்னு. ரெண்டு நாளாச்சு, நீல டிக் வந்திருக்கு.

அப்புறம், யார் வீட்டுப் பரண்லயாவது நெட்வேர் சிவப்பு டப்பா இருந்தா கீழ போட்டோ போடுங்கப்பா.